உப்பு வண்டிக்குப் பின்னால்

1

களம்பூர் டீக்கடைகளில் என்னைப் பற்றி ஒரு பேச்சு ஓடுகிறதாம். கனடாவில் லாரி ஓட்டுகிற சேவூர் ஏழுமலை ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டான், வண்டிக்குள் இருக்கும் கேமராவில் மாட்டிக்கொண்டான், வேலை போகப்போகிறது என்று. என் மனைவி அம்சாவின் தம்பி பாபுதான் போனில் சொன்னான். அவனும் லாரிக்காரன். களம்பூர் மில்லுக்கு நெல் ஏற்றுகிறவன்.

"மாமா, ஒருத்தன் நீ தூங்கிட்டேன்றான். ஒருத்தன் தண்ணி போட்டுக்கினு ஓட்டினேன்றான். நான் இன்னான்னு பதில் சொல்றது?"

"நீ இன்னா சொன்னே?"

"எங்க மாமாவுக்கு ரெண்டாவது டீ குடிச்சாலே தலை சுத்தும், அவராவது தண்ணி போடறதாவதுன்னு சொன்னேன். நம்ப மாட்டேன்றானுங்க."

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நான் எட்டாவது வரை படித்தவன். நீளமாக எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன். கேமராவில் மாட்டியது நிஜம். அதில் தெரிவதும் நான்தான். என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்பதை நானே சொல்லிவிட்டால் டீக்கடைக்காரர்கள் கஷ்டப்பட்டுக் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

2

இது எனக்குப் பன்னிரண்டாவது பனிக்காலம். நவம்பரில் ஆரம்பித்தால் ஏப்ரல் வரை ரோடு நம் கையில் இல்லை. வடக்கே போகிற சாலையில் இரண்டு பக்கமும் காடு, நடுவே ஒரு வெள்ளைக் கோடு மாதிரி ரோடு. ரோடு எது, ஓரம் எது என்று தெரியாது. முதல் வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கந்த சஷ்டியை முணுமுணுத்தபடிதான் ஓட்டினேன். இன்றைக்கும் அப்படித்தான் ஓட்டுகிறேன். பல்லைக் கடிப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

இந்த ரோட்டில் நமக்கு முன்னால் போகிற ஒரு வண்டி உண்டு. முன்னால் இடுப்பு உயரத்துக்கு வளைந்த இரும்புத் தகடு, பக்கத்தில் றெக்கை மாதிரி இன்னொரு தகடு, பின்னால் உப்புத் தொட்டி, தலைக்கு மேல் சுழலும் நீல விளக்கு. பனியைத் தள்ளிக்கொண்டே போகும். தள்ளிய இடத்தில் உப்பைத் தூவிக்கொண்டே போகும். இங்கிலீஷில் அதற்கு ஏர் என்று அர்த்தம் வருகிற பெயர். நான் அதை உப்பு வண்டி என்பேன்.

மெதுவாகத்தான் போகும். நம் ஊரில் டிராக்டர் கரும்பு ஏற்றிக்கொண்டு போகுமே, அந்த வேகம். பின்னால் வருகிறவன் இடைவெளி விட்டு வர வேண்டும். நெருங்கினால் உப்புக்கல் கண்ணாடியில் படபடவென்று அடிக்கும். முந்தலாம் என்று பக்கத்தில் போனால், அது கிளப்புகிற பனிப்புகையில் எதிரே வருவது தெரியாது. றெக்கைத் தகடு எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியாது. இதெல்லாம் எல்லா டிரைவருக்கும் தெரியும். தெரிந்தும் முந்துகிறார்கள். லோடு நேரத்துக்குப் போக வேண்டுமே.

நான் முந்துவதில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட முந்தியதில்லை.

3

உப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

நம் வீட்டில் உப்பு மகாலட்சுமி. புது வீட்டுக்குள் முதலில் போவது அதுதான். கீழே சிந்தினால் காலில் படாமல் வாரி எடுப்போம். இங்கே வந்த முதல் பனிக்காலத்தில், வண்டியிலிருந்து இறங்கியபோது என் பூட்ஸுக்கு அடியில் நறநறவென்று ஏதோ நசுங்கியது. பார்த்தால் கல்லுப்பு. முற்றம் முழுக்க உப்பு. படிக்கட்டில் உப்பு. நான் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். புத்தகத்தில் கால் பட்டால் செய்வோமே, அதே மாதிரி. கண் எரிந்தது. உப்பில்லையா, எரியாமல் என்ன செய்யும்? அன்று கூடவே இறங்கிய டிரைவர் குர்மீத் சிங், நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துக் குனிந்து அவரும் தேடினார்.

மகாலட்சுமியாக இருந்தாலும் லாரிக்கு அவள் ஆகாது. பனியைக் கரைக்கிற உப்பு இரும்பையும் தின்னும். பிரேக் குழாய், லைட் ஒயர் சேருகிற இடம், டிரெய்லர் கதவின் கீல் என்று எங்கெல்லாம் ஒளிந்துகொள்ள முடியுமோ அங்கெல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே பார்த்தால் வண்டி பளபளவென்று இருக்கும். அடியில் தட்டினால் துரு இலை இலையாக உதிரும்.

அதனால் நான் ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் வண்டியைக் கழுவுவேன். மேலே அல்ல, கீழே. சுடுதண்ணீரை அடியிலிருந்து மேலாக அடிக்க வேண்டும். ஒயர் சேருகிற இடத்தில் பீய்ச்சி அடிக்கக்கூடாது, தண்ணீரே உப்பை உள்ளே தள்ளிவிடும். கழுவினதும் அப்படியே நிறுத்திவிட்டால் பிரேக்கில் இருக்கும் ஈரம் உறைந்து மறுநாள் சக்கரம் நகராது. வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டி, பிரேக்கை நாலு தடவை மிதித்து, சூடேற்றி, ஈரம் போக்கித்தான் நிறுத்த வேண்டும். அப்புறம் ஒயர் முனைகளுக்குக் கிரீஸ். இதையெல்லாம் செய்ய எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். கம்பெனி வாரம் ஒரு தடவை கழுவினால் போதும் என்கிறது.

"ஏழுமலை பாய், வண்டி உன்னுதா? கம்பெனிது!" என்று குர்மீத் கேலி செய்வார். "கல்யாணப் பொண்ணக்கூட இப்டி யாரும் குளிப்பாட்ட மாட்டாங்க."

அவர் பேசுவது இந்தியும் இங்கிலீஷும். எனக்கு இரண்டும் அரைகுறை. ஆனால் ஜல்தி, பேஜார் இரண்டும் ஆரணிப் பக்கத்து ஆளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டே நாங்கள் பதினோரு வருடமாகச் சிநேகம்.

என் பெயரை முழுசாகச் சொல்கிறவரும் அவர் ஒருவர்தான். ஆபீஸில் ஏழுமலை என்ற பெயரின் முதல் இரண்டு இங்கிலீஷ் எழுத்தான E, Z-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு என்னை 'ஈஸி' என்கிறார்கள். சுலபம் என்று அர்த்தம். அம்சா கேட்டுவிட்டு, "ஒருநாள் உங்களோட குடும்பம் நடத்தச் சொல்லுங்க, அப்புறம் அந்தப் பேரை வைக்க மாட்டாங்க" என்றாள்.

4

இனி சம்பவம்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. கடைகளுக்குப் போகிற காய்கறி லோடு. காலை ஒன்பது மணிக்குப் பனி கொட்ட ஆரம்பித்தது. எனக்கு முன்னால் உப்பு வண்டி. நான் பின்னால். எனக்குப் பின்னால் இன்னொரு லோடோடு குர்மீத்.

சிறிது தூரம் பொறுத்தார். அப்புறம் ரேடியோவில் கூப்பிட்டார்.

"பாய், ஜல்தி! தாண்டிப் போ!"

"நான் போமாட்டேன். நீங்க போறதுன்னா போங்க."

"லோடு லேட் ஆனா ஆபீஸ்ல லிண்டா கத்துவா."

"கத்தட்டும்."

"பேஜார் ஆளுய்யா நீ" என்று சொல்லிவிட்டு, என்னையும் தாண்டி, உப்பு வண்டியையும் தாண்டிப் போய்விட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அதையும் எழுதிவிடுகிறேன். அவர் எங்காவது பள்ளத்தில் விழுந்திருந்தால் என் கட்சி வலுவாகியிருக்கும். விழவில்லை. அவர் நல்ல டிரைவர். முருகன் புண்ணியம்.

நான் ஒன்றரை மணி நேரம் பின்னாலேயே போனேன். முன்னால் உப்பு வண்டி ஓட்டுகிற ஆள் ஒருவர், யாரென்று தெரியாது, முகத்தைப் பார்த்ததில்லை. அவர் தள்ளிக் கொடுத்த ரோட்டில் நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் ஒரு கிளைச்சாலையில் அவர் திரும்பினார். நீல விளக்கு வலதுபக்கம் போய் மரங்களுக்குள் மறைந்தது. மறைகிறபோது என் வலது கை தானாக ஸ்டீயரிங்கை விட்டு எழுந்து, நெஞ்சைத் தொட்டு, இரண்டு கண்ணையும் ஒற்றிக்கொண்டு திரும்ப வந்தது.

அவ்வளவுதான். வண்டிக்குள் இருக்கும் கேமரா பீப் பீப் என்று கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. லோடு முக்கால் மணி நேரம் தாமதம்.

5

ஏன் கும்பிட்டாய் என்று கேட்பீர்கள். சேவூர்க்காரர்கள் கேட்க மாட்டீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அம்மன் வீதி வருகிறபோது யாராவது ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போவோமா? நான் களம்பூருக்கு நெல் ஓட்டிய காலத்தில் ஒரு ஆடி மாதம் அப்படி அம்மனுக்குப் பின்னால் மாட்டினேன். மூட்டை ஏற்றிய லாரி. முன்னால் தேர், மேளம், நூறு ஜனம். நான் செருப்பைக் கழற்றி கேபினில் வைத்துவிட்டு, முதல் கியரில் வெறுங்காலோடு பின்னால் ஊர்ந்துகொண்டு போனேன். சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் தேரை நிறுத்திய இடத்தில் எல்லாம் நானும் நிறுத்தினேன். மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது மேஸ்திரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாய்யா, ஊர்கோலம் வந்தியா? இங்க பத்து ஆளு மூட்டை இறக்கக் காத்துகினு கீறானுங்க!"

"அம்மன் முன்னாடி போச்சுங்க."

"அம்மனா உனக்குக் கூலி குடுக்குது?"

"ஆமாங்க" என்றேன். ஒரு வாரம் அவர் எனக்கு லோடு கொடுக்கவில்லை.

ஆகவே, ஊரில் இருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் இதே திட்டுதான் வாங்கினேன். முன்னால் போய் நமக்கு வழி விடுகிறவர் யாரோ அவரை முந்தக்கூடாது. அங்கே அது அம்மன். இங்கே உப்பு தூவுகிற ஆள். எனக்குள் இரண்டுக்கும் ஒரே இடம்தான்.

6

அடுத்த திங்களன்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அதோடு ஒரு ஃபாரம். என்ன தவறு என்ற இடத்தில், 'ஓடும் வண்டியில் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தல்; தாமதம்' என்று இருந்தது. காரணம் என்ற இடத்தில் வரிசையாகக் கட்டங்கள். போன், தூக்கம், சாப்பாடு, கவனக்குறைவு, இன்னும் சில. கவனக்குறைவுக்கு நேரே டிக் போட்டிருந்தார்கள். கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று நாள் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடாவிட்டால் வண்டி தர மாட்டார்கள்.

என் மகள் தீபாதான் படித்துச் சொன்னாள். எட்டு வயதில் இங்கே வந்தவள், இப்போது காலேஜில் கடைசி வருடம். பொட்டு வைத்துக்கொள்வதை விட்டு நாலு வருடம் ஆகிறது. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

"சைன் பண்ணிடுங்கப்பா. ஜஸ்ட் ஒரு ஃபாரம்."

"கவனக்குறைவுன்னு போட்ருக்குதுன்றியே."

"எல்லாருக்கும் அதான் போடுவாங்க."

"அது என் ரெக்கார்டுல ஏறுமா?"

"ஏறும். வேற கம்பெனிக்குப் போனா கேப்பாங்க."

"அப்ப நான் போடமாட்டேன்."

அம்சா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இந்தக் குளிர்ல வேலைய விட்டுட்டு எங்க போய் நிப்பீங்க? அம்பத்திரண்டு வயசுல யார் புதுசா கூப்புடுவாங்க?"

அவள் கேட்டது நியாயம். எனக்கும் பயம்தான். லாரியைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. அதனாலேயேதான் அந்த வார்த்தை எனக்கு ஆகவில்லை. தாமதம் என்று போடு, ஒத்துக்கொள்கிறேன். கையை எடுத்தான் என்று போடு, எடுத்தேன். முப்பது வருடமாக ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடிக்காதவனைக் கவனமில்லாதவன் என்று எழுதினால், அதன் அடியில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

"நீ என்கூட ஆபீசுக்கு வா. நான் சொல்றத இங்கிலீஷ்ல சொல்லு" என்றேன் மகளிடம்.

"அப்பா, ப்ளீஸ். சாமி, கும்பிடு எல்லாம் அங்க சொன்னா ஒரு மாதிரி பாப்பாங்க."

"பாக்கட்டும். பாக்கத்தானே கேமரா வெச்சிருக்காங்க."

7

பாதுகாப்பு அதிகாரி லிண்டா கெட்ட மனுஷி இல்லை. கட்டுப்பாடு அதிகம், அவ்வளவுதான். எங்களை உட்கார வைத்து, கம்ப்யூட்டரைத் திருப்பி வீடியோவைக் காட்டினார். நான் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. கை எழுகிறது, நெஞ்சு, கண், கண், திரும்ப ஸ்டீயரிங். மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது.

தீபா பேச ஆரம்பித்தாள். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, அதற்குள் 'ஸாரி' என்ற சொல் இரண்டு தடவை காதில் விழுந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாமல் இருக்கலாம். இந்த ஒரு சொல் தெரியும். இந்த நாட்டில் நான் முதலில் கற்றுக்கொண்டதே அதுதான்.

"தீபா, நான் ஸாரி சொல்லவே இல்லியே."

"அது மரியாதைக்குப்பா."

"மரியாதைய நான் பாத்துக்கறேன். நான் சொல்றத மட்டும் சொல்லு."

அவள் முகம் சிவந்தது. தலை குனிந்துகொண்டாள். நான் சொன்னேன்: "அந்த வீடியோவை இன்னொரு வாட்டி போடச் சொல்லு. கையைப் பாக்க வாணாம், கண்ணைப் பாக்கச் சொல்லு."

லிண்டா போட்டார். என் கண் ரோட்டை விட்டு அசையவில்லை. விரல் இமை ஓரத்தைத் தொடும்போதுகூட மூடவில்லை.

"எங்க ஊர்ல கண்ணை மூடிக்கினுதான் கும்பிடுவோம். தொறந்துகினே கும்பிட இந்த ரோட்லதான் நான் கத்துக்கினேன். கவனம் இல்லாதவனுக்கு அது வருமா, கேளு."

தீபா என்னைப் பார்த்தாள். பிறகு லிண்டாவிடம் பேசினாள். பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். கையை உயர்த்தித் தேர் மாதிரி காட்டினாள். கயிறு பிடித்து இழுக்கிற மாதிரி காட்டினாள். ஹாரன் அடிக்கிற மாதிரி காட்டிவிட்டு, கூடாது என்று விரலை ஆட்டினாள். உப்பு வண்டி என்று தமிழிலேயே ஒரு தடவை சொன்னாள்.

"இன்னா இவ்ளோ நேரம் சொன்னே?"

"நீங்க சொன்னதத்தான்."

"நான் ரெண்டு வரிதானே சொன்னேன்."

"தமிழ்ல சின்னதா இருக்குது. இங்கிலீஷ்ல பெருசா ஆவுது" என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

லிண்டா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கடவுள் விஷயத்தில் நான் தலையிட மாட்டேன், ஆனால் ஓடுகிற வண்டியில் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும் என்றார். அது சரி என்றேன். இனிமேல் கையை எடுக்க மாட்டேன், மனசில் கும்பிட்டுக்கொள்கிறேன், அதைக் கேமராவால் பிடிக்க முடியாது என்றேன். தீபா அதைச் சொன்னபோது லிண்டா சிரித்துவிட்டார். சிரித்தாலும், மூன்று நாள் மூன்று நாள்தான், அதை மாற்ற முடியாது என்றார். மாற்ற வேண்டாம், அந்த டிக்கை மட்டும் எடுங்கள் என்றேன்.

எடுத்தால் வேறு எதிலாவது போட வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் ஃபாரத்தை ஏற்காதாம். இந்த நாட்டில் மனுஷர்களை ஒத்துக்கொள்ள வைத்துவிடலாம், கம்ப்யூட்டரை முடியாது. கட்டங்களில் தேடினோம். தூக்கம் இல்லை, போன் இல்லை, சாப்பாடு இல்லை. கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று இருந்தது. பக்கத்தில் ஒரு வார்த்தை எழுத இடம்.

"பக்தின்னு போடலாமாப்பா?" என்று தீபா கேட்டாள். "அதுக்கு என்ன வார்த்தைன்னு யோசிக்கிறேன்."

"பக்தி வாணாம். அந்த வண்டில இருந்தது சாமி இல்ல, மனுசன். மரியாதைன்னு போடு."

அவளே விசைப்பலகையை இழுத்து அந்த ஒரு சொல்லை அடித்தாள். ஃபாரம் ஏற்றுக்கொண்டது. அச்சடித்து வந்த தாளில் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். தவறு: கையை எடுத்தல், தாமதம். காரணம்: மரியாதை. அதன் கீழே ஏழுமலை என்று முழுப் பெயரையும் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

நாங்கள் எழுந்தோம். லிண்டா தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டே, இந்த முறை தீபாவைப் பார்க்காமல் நேராக என்னைப் பார்த்து, மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி கேட்டார். அடுத்த வாரமும் பனி உண்டு. அவசர லோடு. முன்னால் அந்த வண்டி போகிறது. தாண்டிப் போவாயா?

தீபா மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"நோ" என்றேன்.